ஸ்டாக்ஹோமில் கடைசி இடம்

இந்தக் குறிப்பு ஒரு டிவி முன்னால் தொடங்கியது.

குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்துகொண்டிருந்த சமயம். எதிர் ஃப்ளாட் மாமா வீட்டில் ஐஸ் டான்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஆழ்வார்பேட்டைக்கும் ஐஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சென்னைக்கு ஐஸோடு இருந்த உறவு, பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸோடு முடிந்துவிட்டது. ஆனாலும் எல்லாரும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். மாமிதான் கேட்டார்: "இவ்வளவு கஷ்டப்பட்டு ஜெயிச்சவங்க, முப்பது வயசுக்கு அப்புறம் என்ன பண்ணுவாங்க?"

மாமா சொன்னார்: "கோச் ஆயிடுவாங்க. ஆட முடியாதவங்க சொல்லித்தர வேண்டியதுதானே."

எனக்குச் சுருக்கென்றது. "இல்ல மாமா, நம்ம மேனுவல் ஆரோனை எடுத்துக்கோங்க" என்று ஆரம்பித்தேன். நம்ம தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் அவர் ஆரம்பித்த கிளப் இருந்தது என்பதால் அவர் பெயர் சட்டென்று வந்தது. மாமா விடவில்லை. "ஆரோனா? இங்க ராஜா. வெளியில போய்க் கடைசியா வந்தவர்தானே?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் மாமா சொன்னது உண்மை. 1962 ஸ்டாக்ஹோம் இன்டர்சோனல் போட்டியில் 23 பேர் ஆடினார்கள், ஆரோன் 23-ஆவது. ஒரு உண்மையை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை இவ்வளவு சுலபமாகக் கடந்துபோக முடியுமா என்ற எரிச்சலில்தான் மறுநாள் உட்கார்ந்து குறிப்பெடுக்க ஆரம்பித்தேன்.

முதலில் அந்த ஐஸ் டான்ஸ்

மாமியின் கேள்விக்கு நேரான பதில் ஒன்று இருக்கிறது. லுத்மிலா பகோமோவா. மாஸ்கோக்காரர், 1946-இல் பிறந்தவர். கணவர் அலெக்சாந்தர் கர்ஷ்கோவ்தான் ஆட்டத்திலும் ஜோடி. ஐஸ் டான்ஸ் என்பது ஜோடிச் சறுக்கலிலிருந்து வேறு. அதில் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கி வீசுகிற வித்தையெல்லாம் கிடையாது. காலடி, தாளம், இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளி, இவைதான் எல்லாம். கிட்டத்தட்ட நம்ம ஊர் நிருத்தம் மாதிரி. அடவு சுத்தமாக இல்லாவிட்டால் தப்பிக்க வழியில்லை.

1970-லிருந்து 1974 வரை தொடர்ந்து, பிறகு 1976-இல் ஒரு முறை என்று இந்த ஜோடி ஆறு உலகப் பட்டங்களை வென்றது. நடுவில் 1975 விட்டுப்போனதற்குக் காரணம் கர்ஷ்கோவுக்கு நுரையீரலில் நடந்த அறுவை சிகிச்சை. அடுத்த வருஷமே இன்ஸ்ப்ரூக்கில், ஒலிம்பிக்ஸில் ஐஸ் டான்ஸ் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, முதல் தங்கம் இவர்களுக்கு.

பிறகு பகோமோவா பயிற்சியாளர் ஆனார். நடாலியா அனென்கோ – கென்ரிக் ஸ்ரெதென்ஸ்கி ஜோடியை உருவாக்கினார். நீண்ட நாள் கொடுத்து வைக்கவில்லை, ரத்தப் புற்றுநோய். 1986 மே மாதம் இறந்தபோது வயது 39. அவர் போய் இரண்டு வருஷம் கழித்து கால்கரி ஒலிம்பிக்ஸில் அந்த மாணவர்கள் நான்காவதாக வந்தார்கள். பதக்கம் இல்லை.

மாமா கணக்குப்படி இது தோல்விக் கதை. ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. 1974-இல் பகோமோவாவும் கர்ஷ்கோவும் தங்கள் பயிற்சியாளர் எலெனா சைகோவ்ஸ்கயாவுடன் சேர்ந்து 'டாங்கோ ரொமான்டிகா' என்று ஒரு நடனத்தை அமைத்தார்கள். அது பின்னால் எல்லாரும் ஆடிக்காட்ட வேண்டிய கட்டாயப் பாடங்களில் ஒன்றாகிவிட்டது. பகோமோவா பெயரையே கேள்விப்படாத ஒரு கனடாப் பெண், ஒரு ஜப்பான் பையன், அவர் கால் வைத்த அதே இடத்தில் கால் வைத்துப் பழகுகிறார்கள். இதை எந்தப் பதக்கப் பட்டியலில் எழுதுவது?

இந்தக் கேள்வியோடு நம்ம ஊருக்கு வருவோம்.

தனியாகப் படித்த ஆட்டக்காரர்

மேனுவல் ஆரோன் பிறந்தது பர்மாவில், டாங்கூ என்ற ஊரில், 1935 டிசம்பர் 30. அதே மாதத்தில்தான் ஹாலந்தின் மாக்ஸ் யூவே, அலெகினைத் தோற்கடித்து உலகச் சாம்பியன் ஆனார். இந்தத் தற்செயலைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆரோன் வளர்ந்தது தமிழ்நாட்டில், பி.எஸ்ஸி. படித்தது அலகாபாத் பல்கலைக்கழகத்தில். வேலை இந்தியன் வங்கியில்.

அவர் ஆட வந்த காலத்து இந்தியச் சதுரங்கத்தை இன்றைக்குக் கற்பனை செய்வதே கஷ்டம். பல ஊர்களில் நாட்டு விதிகள்தான். சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் போகாது. இப்போது போல் கோட்டை கட்டுவது கிடையாது. அதற்குப் பதில், அதுவரை செக் வாங்காத ராஜா ஒரே ஒரு முறை குதிரை மாதிரி தாவலாம். இந்த ஆட்டம் மெதுவாகச் சூடு பிடிக்கும். முதல் பத்து நகர்வில் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் சர்வதேச விதியில் முதல் பத்து நகர்விலேயே கதை முடிந்துவிடலாம். ஐரோப்பாவில் ஒவ்வொரு ஓப்பனிங்குக்கும் புத்தகம் புத்தகமாக எழுதி வைத்திருந்தார்கள். இங்கே அந்தப் புத்தகங்களும் இல்லை. சொல்லித்தர ஆளும் இல்லை.

இந்த நிலையிலிருந்துதான் ஆரோன் 1959-இல் தேசியச் சாம்பியன் ஆகிறார். 1981 வரை மொத்தம் 9 முறை அந்தப் பட்டம். 1961-இல் மங்கோலிய ஆட்டக்காரரை வென்று, பிறகு ஆஸ்திரேலியாவின் சிசில் பர்டியை 3–0 என்று வென்று, இன்டர்சோனலுக்குத் தகுதி பெறுகிறார். பர்டி சாமானியர் இல்லை. தபால்வழிச் சதுரங்கத்தில் உலகின் முதல் சாம்பியன். இதில்தான் ஆரோனுக்கு இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டமும் வருகிறது. இந்தியாவில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் ஆள். அர்ஜுனா விருது பெற்ற முதல் சதுரங்க வீரரும் அவர்தான்.

1960 லீப்சிக் ஒலிம்பியாடில் அவர் ஒரு முன்னாள் உலகச் சாம்பியனைத் தோற்கடித்தார். யார் தெரியுமா? மாக்ஸ் யூவே. ஆரோன் பிறந்த மாதத்தில் மகுடம் சூடிய அதே யூவே.

இப்போது ஸ்டாக்ஹோம். 1962. உலகச் சாம்பியன் பட்டத்துக்குப் போட்டியிட ஆளைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் ஒரு படி. ஒவ்வொருவருக்கும் 22 ஆட்டம். 18 வயது பாபி ஃபிஷர் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 17½ புள்ளியோடு முதலாவதாக வந்தார். பெட்ரோசியன், கெல்லர் எல்லாரும் ஆடிய போட்டி. சோவியத் ஆட்டக்காரர்களின் பின்னால் ஒரு பெரிய பயிற்சி அமைப்பே நின்றது. ஆரோன் பின்னால் அப்படி எதுவும் இல்லை. ஒரு ஆள் தனியாக எத்தனை ஓப்பனிங்கைத்தான் தயார் செய்ய முடியும்?

கடைசியாக வந்தார். சரி. ஆனால் அந்தக் கடைசி இடத்துக்குள்ளே இரண்டு வெற்றிகள் இருக்கின்றன. ஹங்கேரியின் லாயோஷ் போர்ட்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் வுல்ஃப்காங் ஊல்மானையும் வென்றார். இரண்டு பேரும் கிராண்ட்மாஸ்டர்கள், பின்னாளில் உலகச் சாம்பியன் பட்டத்துக்கான கேண்டிடேட்ஸ் சுற்றுவரை போனவர்கள்.

அப்படியென்றால் மிச்ச ஆட்டங்களில் ஏன் தோற்றார்? இந்த இடத்தில் நான் ஊகிக்கத்தான் முடியும். ஒரு நல்ல நாளில் யாரையும் வெல்கிற திறமை அவரிடம் இருந்தது. 22 ஆட்டத்திலும் அதைத் தாங்கிப் பிடிக்கிற அமைப்பு ஊரில் இல்லை. திறமை ஒருத்தருக்கு வாய்க்கலாம். தாங்கிப் பிடிக்க நாலு பேர் வேண்டும். நல்ல எதிராளி, புத்தகம், தினமும் ஆட ஒரு இடம். ஆரோன் பிறகு செய்த எல்லாவற்றையும் பார்த்தால், ஸ்டாக்ஹோமிலிருந்து அவர் கொண்டுவந்த பாடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கஸ்தூரிரங்கன் சாலை

1971 ஆகஸ்டில் இந்தியாவும் சோவியத் யூனியனும் நட்புறவு ஒப்பந்தம் போட்டன. அந்தக் காலச் சென்னையை அறிந்தவர்களுக்கு அதன் வாசனை தெரியும். மலிவு விலையில் வழவழ அட்டையோடு ருஷ்யப் புத்தகங்கள், தமிழிலேயே. படவிழாக்கள். சோவியத் கலாசார மையம். சோவியத்துக்காரர்களுக்குப் பாலே எப்படியோ அப்படித்தான் சதுரங்கமும். உலகத்துக்குக் காட்ட வேண்டிய ஒரு பெருமை. 1972-இல் ரெய்க்யவிக்கில் ஃபிஷர் – ஸ்பாஸ்கி ஆட்டம் நடந்தபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் முதல் பக்கத்தில் செஸ் போட்டன.

அதே 1972-இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் ஆரோன் ஒரு சதுரங்கக் கிளப் தொடங்கினார். பெயர்: மிகயில் டால் செஸ் கிளப். ரிகாவில் பிறந்து 1960-இல் 23 வயதில் உலகச் சாம்பியனான டால். லீப்சிக்கில் ஆரோன் யூவேயை வென்ற அதே 1960 ஒலிம்பியாடில் சோவியத் அணியின் முதல் பலகையில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

பின்னாளில் ருஷ்ய அறிவியல் கலாசார மையம் என்று பெயர் பெற்ற, ஆழ்வார்பேட்டை கஸ்தூரிரங்கன் சாலைக் கட்டடத்தோடுதான் இந்தக் கிளப்பின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 1972-இல் ஆரோன் ஓய்வு பெற்றவர் இல்லை. நாட்டின் முதல்நிலை ஆட்டக்காரர். அதற்கு ஒன்பது வருஷம் கழித்து, 1981-லும் தேசியப் பட்டத்தை வென்றார். ஆட முடியாமல் சொல்லித்தர வந்தவர் என்ற மாமாவின் வாக்கியம் இங்கேயே உடைந்துபோகிறது. தன்னை ஒருநாள் தோற்கடிக்கப் போகிறவர்களுக்கு, தானே இடம் பிடித்துக் கொடுத்து, போர்டு போட்டு, கடிகாரம் வைத்தார் இந்த மனிதர். எத்தனை பேருக்கு இந்த மனசு வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

'ஆனந்தின் குரு' என்ற கதை

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆரோன்தான் ஆனந்துக்குக் குரு என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை.

விஸ்வநாதன் ஆனந்த் 1969-இல் மயிலாடுதுறையில் பிறந்தவர். ஆறு வயதில் சதுரங்கம் சொல்லித்தந்தது அம்மா சுசீலா. பிறகு டால் கிளப். அப்பாவின் வேலை காரணமாகக் கொஞ்ச காலம் மணிலா. பாகியோ நகரில் கார்போவும் கோர்ச்னாயும் 1978-இல் உலகப் பட்டத்துக்கு மோதியதால் பிலிப்பைன்ஸில் அப்போது செஸ் ஜுரம். அங்கே ஒரு டிவி நிகழ்ச்சியில் செஸ் புதிர் போடுவார்கள். விடை எழுதி அனுப்பினால் புத்தகம் பரிசு. ஆனந்த் தொடர்ந்து ஜெயித்ததால், வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கொள், இனிமேல் எழுதிப் போடாதே என்று சொல்லிவிட்டார்களாம். திரும்பி வந்ததும் மறுபடி டால் கிளப்.

ஆக அம்மா, மணிலா, புத்தகங்கள், கிளப். இதில் எந்த ஒன்றையும் எடுத்துவிட்டுக் கதையைச் சொல்ல முடியாது. கிளப் அவருக்கு என்ன தந்தது? அதை ஆனந்தே பலமுறை சொல்லியிருக்கிறார். அங்கே பிளிட்ஸ் ஆடுவார்கள். ஜெயித்தவர் உட்கார்ந்திருக்கலாம். தோற்றவர் எழுந்து போய் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். காத்திருக்கிறவர்கள் அதிகம், போர்டு குறைவு. தோற்றால் மறுபடி முறை வர வெகுநேரம் ஆகும்.

இந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய ஆசிரியர் என்று பாருங்கள். யாரும் பாடம் நடத்தவில்லை. ஆனால் எழுந்துபோக மனசில்லாத ஒரு சின்னப் பையனுக்கு, வேகமாக யோசிக்கவும், வேகமாக யோசித்ததை நம்பவும் அது கற்றுக்கொடுத்தது. பின்னால் உலகமே 'மின்னல் பையன்' என்று வியந்த அந்த வேகத்துக்கு ஊற்று ஒரு வரிசைதான். வயசு வித்தியாசம் பார்க்காத வரிசை. பத்து வயதுப் பையன் ஆபீஸ் முடிந்து வந்த குமாஸ்தாவை எழுப்பிவிடலாம்.

ஆகவே ஆரோனைப் பயிற்சியாளர் என்று சொல்வதுகூட முழுதாகப் பொருந்தாது. பகோமோவா ஒரு ஜோடியின் கையைப் பிடித்து வளர்த்தவர். ஆரோன் ஒரு அறையை வளர்த்தவர். அந்த அறை ஆட்களை வளர்த்தது.

ஆரோன் அதோடு நிற்கவும் இல்லை. 'தி ஹிந்து'வில் பல வருஷம் செஸ் எழுதினார். 1983-லிருந்து 'செஸ் மேட்' என்ற மாத இதழை நடத்தினார். புத்தகம் கிடைக்காத ஊரில் வளர்ந்தவர், ஊருக்கே அச்சடித்துக் கொடுத்தார். 2014-இல் விஜய் பண்டிட்டுடன் சேர்ந்து இந்தியச் சதுரங்க வரலாற்றையும் எழுதினார்.

எதிர் உதாரணம் ஒன்று

இதன் மதிப்பு தெரிய வேண்டுமானால் மீர் சுல்தான் கானைப் பார்க்க வேண்டும். பஞ்சாப்காரர். நாட்டு விதிச் சதுரங்கத்தில் வளர்ந்தவர். ஜமீன்தார் ஒருவரோடு லண்டன் போய் 1929, 1932, 1933 என்று மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன். ஆட்டத் திறமையில் ஆரோனைவிட ஒரு படி மேலே என்றுதான் நான் சொல்வேன். பிறகு ஊர் திரும்பினார். அவரைச் சுற்றி ஒரு கிளப் இல்லை, இதழ் இல்லை, வரிசையில் நிற்கிற பையன்கள் இல்லை. 1966-இல் இறந்தார். அந்த மேதைமை அவரோடு போய்விட்டது.

சுல்தான் கான் பெற்ற வெற்றிகள் பெரியவை. ஆரோன் விட்டுப்போன அறை அதைவிடப் பெரியது. இந்த ஒப்பீட்டை எழுதும்போது கொஞ்சம் தயங்கினேன், சுல்தான் கானுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை என்பதால். குறை அவருடையது இல்லை. ஆனால் விளைவு விளைவுதான்.

அடுத்த தலைமுறை

1988-இல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அந்தச் செய்தியைக் கேட்டுச் சென்னையில் ஒரு 12 வயதுப் பையன் காயைத் தொட்டான். ஆர்.பி. ரமேஷ். 12 வயது என்பது சதுரங்கத்தில் ரொம்பத் தாமதம். ஆனாலும் 2002-இல் பிரிட்டிஷ் சாம்பியன், 2003-இல் கிராண்ட்மாஸ்டர், 2007-இல் காமன்வெல்த் சாம்பியன். மனைவி ஆர்த்தி ராமசாமி 1999-இல் 18 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகச் சாம்பியன், 2003-இல் தேசிய மகளிர் சாம்பியன்.

இருவரும் சேர்ந்து 2008-இல் 'செஸ் குருகுல்' தொடங்கினார்கள். ஐஸ் டான்ஸ் ஜோடி மாதிரியே, ஆடிய தம்பதி கற்பிக்கிற தம்பதியானது. ரமேஷுக்கு அப்போது 32 வயதுதான். இன்னும் பத்து வருஷம் ஆடியிருக்கலாம். பிரக்ஞானந்தா, அவர் அக்கா வைஷாலி, அரவிந்த் சிதம்பரம், கார்த்திகேயன் முரளி, இவர்கள் எல்லாம் அந்த முடிவின் பலன்கள். 2022-இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் இளைஞர்கள் நிறைந்த இந்திய 'பி' அணி வெண்கலம் வென்றபோது பயிற்சியாளர் ரமேஷ்தான். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலகச் சாம்பியனான குகேஷும் அந்த அணியில் ஆடியவர். இன்றைக்கு இந்தியக் கிராண்ட்மாஸ்டர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தமிழ்நாட்டுக்காரர்கள்.

இதையெல்லாம் 1972-இல் தொடங்கிய ஒரு கிளப் கணக்கில் எழுதிவிட முடியாது. பெற்றோர், பள்ளிகள், கணினி, அரசு ஆதரவு என்று காரணங்கள் நிறைய. ஆனால் ஆரோனைப் பார்த்து ஒரு ஊர் ஆடக் கற்றது, அந்த ஊரிலிருந்து ஆனந்த், ஆனந்தைப் பார்த்து ரமேஷ், ரமேஷிடமிருந்து பிரக்ஞானந்தா. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூடக் கற்பனை இல்லை.

மாமாவிடம் சொன்னது

போன வாரம் குறிப்புகளை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். ஸ்டாக்ஹோம், போர்ட்டிஷ், ஊல்மான் எல்லாம் சொன்னேன். அமைதியாகக் கேட்டார். பிறகு, "ஆனா கடைசியாத்தானே வந்தாரு?" என்றார்.

"ஆமா மாமா, கடைசியாத்தான் வந்தாரு. நம்ம ஊர்லேர்ந்து அங்க முதல்ல போனதும் அவருதான்."

மாமா ஒன்றும் சொல்லவில்லை. மாமிதான் உள்ளேயிருந்து, "முதல்ல போறவங்க கடைசியா வந்தா என்ன இப்போ?" என்று கேட்டுவிட்டுக் காபி கொண்டுவந்து வைத்தார்.

திரும்பி வரும்போது வேண்டுமென்றே கஸ்தூரிரங்கன் சாலை வழியாக வந்தேன். கேட்டருகில் ஒரு ஆட்டோ, வாட்ச்மேன், நிழல். ஆனந்த் வென்ற பட்டங்கள் நமக்கு வரிசையாகத் தெரியும். தோற்று எழுந்து வரிசையின் கடைசிக்குப் போன மற்றவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்கள் விடாமல் மறுபடி வந்து நின்றதால்தான் அந்த வரிசை இருந்தது. அவர்களில் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், அந்த அறையில் எத்தனை போர்டு இருந்தது, யார் கடிகாரம் வைத்தார்கள், சாயந்திரம் எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று எழுதி வையுங்கள். பட்டங்களின் கணக்கு எங்கேயும் கிடைக்கும். இது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.